43 அங்குல 4கே டிவியில் நிரல் எழுதுவது: மெய்யெழுத்தின் புள்ளி மறைவது ஏன்?

வண்ணைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் அமர்ந்து வேலை பார்ப்பவன் நான். தமிழ் உரையில் எழுத்துப் பிழை திருத்தும் கருவி ஒன்றுக்கு நிரல் எழுதுவதால், பைத்தான் கோப்பும் தமிழ்ச் சொற்பட்டியலும் நாள் முழுவதும் திரையில் அருகருகே திறந்திருக்க வேண்டும். இதுவரை 24 அங்குல 1080பி மானிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்றை மூடி ஒன்றைத் திறந்தே காலம் தள்ளிவிட்டேன்.

சென்ற மாதம் வீட்டுக் கூடத்துக்கு 43 அங்குல 4கே டிவி வந்தது. ஞாயிறு பிற்பகலில் அப்பா உறங்கிய நேரம் பார்த்து, செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றி என் மடிக்கணினியில் செருகினேன். நான்கு 1080பி திரைகளை இடைவெளியின்றி ஒட்டி வைத்தது போன்ற அந்தப் பரப்பைக் கண்டதும், இன்னொரு மானிட்டர் வாங்கும் எண்ணமே போய்விட்டது. நூறு வரி நிரலும், அதன் பக்கத்தில் சொற்பட்டியலும், அதற்கும் பக்கத்தில் டெர்மினலும் ஒருசேரத் தெரிந்தன. ஆனால் கால் மணி நேரத்துக்குள் குறைகளும் தெரியத் தொடங்கின.

மவுஸ் சுட்டி என் கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. திரையின் நான்கு ஓரங்களும் சிறிது வெட்டுப்பட்டு, டாஸ்க்பாரின் பாதி கீழே மறைந்திருந்தது. எழுத்துகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான்காவது குறையைத்தான் பொறுக்க முடியவில்லை. என் எடிட்டர் கறுப்புப் பின்னணி கொண்டது. மேற்கோள் குறிக்குள் வரும் சொற்கள் அதில் அடர் சிவப்பில் தெரியும். அந்தச் சிவப்பு எழுத்துகளில் மெய்யெழுத்தின் புள்ளி ஏறத்தாழ அழிந்தே போகிறது. 'கடல்' என்று இருப்பது 'கடல' என்று தெரிகிறது. பிழை திருத்தும் கருவி எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு வம்பு வேண்டியதில்லை. அதே சொல்லை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக வைத்தால் புள்ளி பளிச்சென்று இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

குறை டிவியிலா, மடிக்கணினியிலா, கேபிளிலா? மடிக்கணினி எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டது; தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை; எச்டிஎம்ஐ போர்ட் ஒன்றும் யூஎஸ்பி-சி போர்ட் ஒன்றும் உண்டு. இதைச் சரிசெய்ய முடியுமானால் மாடியறைக்கு இதே அளவில் இன்னொரு டிவி வாங்க நினைக்கிறேன். அறை எட்டுக்குப் பத்து அடி. மேசையின் ஆழம் இரண்டடி. டிவிக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் கண் போய்விடும் என்று அப்பா சொல்வதற்கும் யாரேனும் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேரடி நிரலர் எழுதியது:

நண்பரே, திருவொற்றியூரில் நான்கு ஆண்டுகளாக நானும் 43 அங்குல டிவியில்தான் நிரல் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன நான்கில் எதுவுமே டிவியின் பழுது அன்று. வரும் படத்தை அப்படியே காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பது டிவியின் இயல்பில் இல்லை. ஓரத்தை வெட்டும், கூர்மை ஏற்றும், இரண்டு சட்டகங்களுக்கு (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனிப் படங்களுக்கு) நடுவே தானாக ஒன்றைக் கற்பித்துச் செருகும். கிரிக்கெட்டுக்கு இந்த உபசாரமெல்லாம் நன்று, எழுத்துக்கு ஆகாது. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துவதே நம் வேலை.

புள்ளியிலிருந்து தொடங்குகிறேன். வீடியோவில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியாகக் கையாளப்படுகின்றன. நம் கண் ஒளிர்வின் நுணுக்கத்தைக் காண்பது போல நிறத்தின் நுணுக்கத்தைக் காண்பதில்லை என்பதால், நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவது கலர் டிவியின் தொடக்க காலத்திலிருந்தே உள்ள சிக்கன வழி. 4:2:0 என்று குறிக்கப்படும் முறையில், இரண்டுக்கு இரண்டாக அடுத்தடுத்து நிற்கும் நான்கு பிக்சல்களுக்கு ஒளிர்வு நான்கு, நிறம் ஒன்றே. உங்கள் 3840×2160 திரை, நிறத்தைப் பொறுத்தவரை 1920×1080 திரையாகிவிடுகிறது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் வேறுபாடு முழுவதும் ஒளிர்விலேயே இருப்பதால் ஒன்றும் கெடுவதில்லை. சிவப்பின் கதை வேறு. எச்டி வீடியோவுக்கான பிடி.709 என்ற தரத்தின் கணக்கில் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7. கறுப்பில் அடர் சிவப்பு என்றால் ஒளிர்வில் வேறுபாடு சொற்பம். எழுத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நிறம்தான். சிறிய எழுத்துருவில் நம் புள்ளி ஒரு பிக்சலோ இரண்டு பிக்சலோ. அதன் சிவப்பை அக்கம்பக்கத்துக் கறுப்புப் பிக்சல்களோடு பங்குபோட்டால் மிஞ்சுவது மங்கலான கறை. ஆங்கில எழுத்தின் மேற்புள்ளி இப்படி அழிந்தாலும் சொல் மாறாது. நமக்கு 'ல்' என்பது 'ல' ஆகிவிடுகிறது.

தீர்வு எளிது. ரிமோட்டில் இன்புட் பட்டியலைத் திறந்து, கணினி செருகியுள்ள எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி டிவிகளில் இது வெறும் பெயர் மாற்றமன்று. அந்தப் பெயரைக் கண்டதும் டிவி தன் வீடியோ வேலைகளை ஓரங்கட்டிவிட்டு நிறத்தை முழுமையாக, அதாவது 4:4:4 ஆக, காட்டத் தொடங்கும். சோனியில் பட வகையை 'கிராபிக்ஸ்' என்று வைக்க வேண்டும். சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்பதை இயக்கினால் ஓரம் வெட்டுப்படுவது நிற்கும். வெள்ளைக் கரை, கூர்மை மிகுந்ததால் வருவது. அதைக் கரை மறையும் வரை குறையுங்கள். எல்லா டிவியிலும் அது சுழியம் அன்று. சிலவற்றில் 50 தான் நடுநிலை, அதற்கும் கீழே போனால் எழுத்து குழைந்துவிடும்.

இனி மவுஸ். 4கே படத்தை முழு நிறத்தோடு நொடிக்கு 60 முறை அனுப்ப 17.82 கிகாபிட் வேகம் வேண்டும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 இன் எல்லை 18 கிகாபிட் என்பதால் அது மட்டுமட்டாக அடங்கும். 2009இன் எச்டிஎம்ஐ 1.4க்கு எல்லை 10.2 தான், அதில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே போகும். உங்கள் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸின் எச்டிஎம்ஐ, மடிக்கணினி செய்தவர்கள் தனிச் சிப் ஒன்றை வைத்திருந்தாலொழிய, அந்தப் பழைய வகைதான். சுட்டி 33 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் இடம் மாறுகிறது. அதன் மேல் டிவியின் பட வேலைகளும் சேர்ந்ததால் இழுத்தது. ஆனால் அதே செயலியில் உள்ள டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்ற வேறொரு காட்சி இணைப்பு வழி 4கே 60 ஹெர்ட்ஸைத் தாங்கும். யூஎஸ்பி-சி போர்ட்டின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 4கே 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகக் குறிப்பிட்ட எச்டிஎம்ஐ அடாப்டர் போதும். இல்லையென்றால் அது தரவுக்கு மட்டுமான போர்ட்டாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. 60 ஹெர்ட்ஸ் கிடைத்த மகிழ்ச்சியில் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸில் 4:2:0 அனுப்பவும் 8.91 கிகாபிட்டே போதும் என்பதால், டிவியின் போர்ட் முழு வேகத்துக்குத் திறக்கப்படாதபோது கணினி சத்தமில்லாமல் நிறத்தைக் குறைத்து அனுப்பக்கூடும். புள்ளி மறுபடியும் போய்விடும். ஆகவே சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று இருப்பதை அந்தப் போர்ட்டுக்கு இயக்கிவிட்டு, 'கடல்' என்பதைச் சிவப்பில் எழுதி மீண்டும் பாருங்கள்.

கேபிளைப் பற்றி என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதைக் கடை ஒன்றில் '4கே' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட ஐந்து மீட்டர் கேபிளை வாங்கி வந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். டிவியைத் திட்டி, டிரைவரைத் திட்டி, இரண்டு வாரம் கழித்துத்தான் கேபிளை மாற்றிப் பார்க்கத் தோன்றியது. 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்ற சான்று ஒட்டிய இரண்டு மீட்டர் கேபிள் வந்த அன்றே அந்த நோய் தீர்ந்தது.

பெரம்பூர் லோகோ எழுதியது:

தம்பி, மேலே உள்ள நண்பர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய 'மேசையின் ஆழம் இரண்டடி' என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. இதே இரண்டடி மேசையில் 50 அங்குல டிவியை வைத்து ஐந்து மாதம் வேலை செய்து, கழுத்துப் பிடிப்போடு அதைக் கூடத்துக்கு அனுப்பியவன் நான்.

43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர், உயரம் ஏறத்தாழ 53. டிவியின் கால்கள் மேசையில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டடி மேசையில் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 60 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்தத் தொலைவில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை 77 பாகை விரியும். கண்ணைத் திருப்பினால் போதாது, தலையைத் திருப்பியாக வேண்டும். 85 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கினால் அது 58 பாகையாகக் குறையும். அந்த 85க்கு இன்னொரு நியாயமும் உண்டு. இந்தத் திரையில் ஒரு பிக்சலின் அளவு கால் மில்லிமீட்டர்; நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் ஒரு பாகைத்துளி (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 85 சென்டிமீட்டரில் அதே கால் மில்லிமீட்டர்தான். அதைவிட நெருங்கினால் எழுத்தின் படிக்கட்டு விளிம்பு தெரியும், மிகவும் விலகினால் சிறிய எழுத்து வீணாகும். 50 அங்குலத்தில் பிக்சல் இன்னும் பெரியது என்பதால் மீட்டர் அளவுக்கு விலக வேண்டும். அதற்கு நம் வடசென்னை அறைகளில் சுவர் இடம் தராது.

உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாதாரண மேசையில் அமர்ந்தால் கண் மேசைப் பலகைக்கு மேல் 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கால்களோடு நிற்கும் டிவியின் மேல்விளிம்போ 60ஐத் தாண்டிவிடும். மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்டுப் பழகியதற்கு இது நேர் எதிர். ஆகவே மேல் கால் பகுதியை வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். எப்போதாவது எட்டிப் பார்க்கும் லாக் (நிரல் ஓடும்போது எழுதும் பதிவு) அங்கே ஓடட்டும். நிரல் நடுவிலும் கீழேயும் இருக்கட்டும். இவ்வளவு பணம் கொடுத்துவிட்டுக் கால் பகுதியை விட்டுவிடுவதா என்று தோன்றும். கழுத்து அதைவிட விலை மிகுந்தது.

பேனலையும் கேட்டு வாங்குங்கள்; விஏ, ஐபிஎஸ் என்பவை எல்சிடி திரையின் இரண்டு வகைகள். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இவ்வளவு பக்கத்தில் அமர்ந்தால் ஓரங்களைச் சாய்வாகப் பார்க்கிறோம் என்பதால் அங்கே நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் அந்தத் தொல்லை குறைவு. கடையில் திரைக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. மூக்கு முட்டும் தொலைவில் நின்று மூலைகளைப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி.

அப்பாவின் அச்சத்துக்கு வருகிறேன். பக்கத்தில் உட்கார்வதால் கண் கெட்டுவிடாது. கண் களைத்துப் போகும், அவ்வளவே. திரையையே உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. அதோடு, கூடத்தின் வெளிச்சத்தை வெல்லும்படி கடையிலிருந்து வரும் டிவியின் பின்னொளியைக் கைக்கெட்டும் தொலைவில் அப்படியே வைத்துக்கொண்டால் தலைவலி வராமல் என்ன செய்யும்? பின்னொளியை வெகுவாகக் குறையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் ஒளிர்வையும் நிறுத்துங்கள். இல்லையேல் கறுப்பு எடிட்டரிலிருந்து வெள்ளை உலாவிக்கு மாறும்போதெல்லாம் திரை மூச்சு வாங்கும்.

என் முடிவான கருத்து: மேசையை ஆழமாக்க முடியாவிட்டால் டிவியை மறந்துவிட்டு 32 அங்குல 4கே மானிட்டர் வாங்குங்கள்.

வண்ணைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

யூஎஸ்பி-சி போர்ட்டின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறி இருந்தது. அடாப்டர் வாங்கிச் செருகியதும் 60 ஹெர்ட்ஸ் கிடைத்தது. தேரடி நண்பர் எச்சரித்த பொறியில் நானும் விழுந்தேன்: சுட்டி வெண்ணெயாக வழுக்கியது, புள்ளி மட்டும் வரவில்லை. பிறகு அமைப்புகளுக்குள் புகுந்து அந்தப் போர்ட்டைத் திறந்து, பெயரையும் 'பிசி' என்று மாற்றியதும் 'கடல்' கரை சேர்ந்தது. கைபேசியால் முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முன்னதில் 'ல்' எழுத்தின் தலைமேல் பழுப்பாக ஒரு தூசு, பின்னதில் நான்கு சிவப்புப் பிக்சல்கள் சதுரமாக நிற்கின்றன.

வீட்டில் ஒரு கலவரமும் நடந்தது. கேபிளைச் செட்டாப் பாக்ஸுக்குத் திருப்பிச் செருகியவன், பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அன்றிரவு ஆட்டத்தில் பந்து தத்தித் தத்திப் போவதாக அப்பா புகார் சொன்னார். 'பிசி' என்று இருந்ததால் டிவி இடைச் சட்டகங்களைச் செருகுவதை நிறுத்தியிருக்கிறது. பெயரைத் திருப்பிய பிறகுதான் எனக்குச் சோறு கிடைத்தது.

இன்னும் ஒரு சிறு குறை. கறுப்பு எழுத்தின் செங்குத்துக் கோடுகளில் ஒருபுறம் செம்மையும் மறுபுறம் நீலமுமாக மெல்லிய சாயல் தெரிகிறது. 24 அங்குல மானிட்டரில் இது இல்லை. இதுவும் நிறக் குறைப்புதானா?

காசிமேட்டுக் கரையோன் எழுதியது:

அன்று நண்பரே. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் உண்டு. விண்டோஸின் கிளியர்டைப், அவை இடமிருந்து வலமாக அந்த வரிசையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, எழுத்தின் விளிம்பைப் பட்டை அளவுக்குச் செதுக்குகிறது. டிவி பேனல்கள் பலவற்றில் வரிசை தலைகீழ். நீலம் முதலில் வரும். செதுக்கல் மாறி விழுவதால்தான் அந்தச் சாயல். திரையில் வெள்ளைப் பகுதி ஒன்றின்மேல் கைபேசிக் கேமராவை மிக நெருக்கமாக வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், வரிசை தெரிந்துவிடும். தலைகீழாக இருந்தால் விண்டோஸின் கிளியர்டைப் டியூனரை ஓட்டி, கண்ணுக்குச் சாயலின்றித் தெரியும் மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் எழுத்துரு அமைப்பிலேயே பட்டை வரிசையை மாற்றலாம். மேக் கணினியில் இந்தச் சிக்கலே எழாது, 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து ஆப்பிள் அந்தச் செதுக்கலை இயல்பிருப்பில் விட்டுவிட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: மாடியறைக்கு வாங்கும்போது ஓஎல்இடி பக்கம் போகாதீர்கள். நாள் முழுவதும் அசையாத டாஸ்க்பாரும் எடிட்டரின் ஓரக் கோடுகளும் அதில் தடம் பதிக்கக்கூடும்.

தேரடி நிரலர் எழுதியது:

ஒரு சின்னக் குறிப்பு. மானிட்டரைப் போல, கணினி உறங்கினால் டிவியும் உறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான டிவிகள் 'சிக்னல் இல்லை' என்ற பலகையைப் போட்டுக்கொண்டு விழித்திருக்கும். எழுந்து போகும்போது ரிமோட்டில் அணைப்பதை மின்விசிறி அணைப்பது போலப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வண்ணைவாசி எழுதியது:

கரையோன் சொன்னபடியே நீலம்தான் முதலில் நிற்கிறது. டியூனரை ஓட்டியதும் சாயல் போய்விட்டது.

மாடியறைக்கு ஐபிஎஸ் பேனல் கொண்ட 43 அங்குல டிவியே வாங்கிவிட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதும் முடிவை எளிதாக்கியது. லோகோ ஐயாவின் 85 சென்டிமீட்டருக்காக டிவியைச் சுவரில் மாட்டலாம் என்று ஆளை அழைத்தேன். எங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம். டிரில் வைத்த இடத்தில் துளை விழுவதற்குப் பதில் கைப்பிடி மண் உதிர்ந்தது. அந்த யோசனையைக் கைவிட்டு, பழைய மேசைமேல் இரண்டே முக்கால் அடி ஆழத்துக்குப் பிளைவுட் பலகை அறைந்து, டிவியின் கால்களைச் சுவரை ஒட்டிப் பின்னுக்குத் தள்ளி வைத்தோம். டேப் வைத்து அளந்ததில் கண்ணுக்கும் திரைக்கும் 83 வருகிறது. நாற்காலியை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினால் 85 ஆகிவிடும்தான். ஆனால் அப்போது அறைக்கதவு திறக்காது.